'நிமிர்ந்து உட்காரு' என்றால் ஏன் நிமிர முடிவதில்லை?

பதின்பருவப் பிள்ளைகளை என்னிடம் அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள்: "சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது மேடம், நிமிரவே மாட்டேங்கிறான்." சொல்லும்போதே பிள்ளையின் முதுகில் விரலால் ஒரு குத்து விழும். பிள்ளையும் வெடுக்கென்று நிமிரும். நெஞ்சு முன்னால் வரும், தோள் பின்னால் போகும், மூச்சு பாதியில் நிற்கும். நான் பேசிக்கொண்டே கவனிப்பேன். ஒரு நிமிடம் தாங்காது, முதுகு பழைய இடத்துக்கே போய்விடும்.

இதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் பிசியோதெரபிஸ்டாக நான் பெற்றோரிடம் முதலில் சொல்வது. அந்தப் பிள்ளை நிமிர்ந்தபோது எந்த இடம் அசைந்தது என்று உற்றுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். வளைந்திருப்பது மேல்முதுகு. ஆனால் "நிமிரு" என்றதும் வளைவது இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகு. மேல்முதுகு இறுகிப்போயிருப்பதால் உடல் தன்னால் முடிந்த வேறொரு இடத்தில் வளைந்து, நிமிர்ந்த மாதிரி ஒரு தோற்றத்தைக் கொடுக்கிறது. அதற்கு நிறைய பலம் செலவாகும், சீக்கிரம் களைத்துவிடும். இறுகிய மூட்டை முதலில் இளக வைக்க வேண்டும், அதன்பிறகு அந்த இடத்தைத் தாங்கும் தசைக்குப் பலம் கொடுக்க வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டு வெறும் அறிவுரையில் முதுகு நேரானதை நான் பார்த்ததில்லை.

முதலில், மேல்முதுகில் வளைவு இருப்பதே இயல்புதான். விலா எலும்புகள் வந்து சேரும் 12 முள்ளெலும்புகளும் பின்பக்கமாக மெல்ல வளைந்துதான் இருக்கும். எக்ஸ்ரேயில் அளந்தால் சுமார் 20 முதல் 40 டிகிரி வரை சாதாரணம் என்று எடுத்துக்கொள்கிறோம், சிலர் 45 வரை ஏற்பார்கள். ஆகவே சுவரைப் போல் தட்டையான முதுகை யாரும் இலக்காக வைக்க வேண்டாம். அந்த அளவைத் தாண்டி வளைவு கூடும்போதுதான் கைபோசிஸ், அதாவது முதுகின் இந்தப் பின்பக்க வளைவு, அதிகமாகிவிட்டது என்கிறோம்.

இந்த வயதில் ஏன் கூடுகிறது? செல்போன் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். செல்போனுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. பெண் பிள்ளைகள் சுமார் 12 வயதிலும் ஆண் பிள்ளைகள் சுமார் 14 வயதிலும் மிக வேகமாக வளர்கிறார்கள், ஆண்டுக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட உயர்வார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையின் பலமும், தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வும் உடனே ஈடுகொடுப்பதில்லை. அதே நேரத்தில்தான் படிப்புச் சுமை கூடி, ஓடி விளையாடும் நேரம் குறைகிறது. நேற்றுவரை பொருந்திய மேசையும் நாற்காலியும் இன்று குள்ளமாகிவிடுகின்றன.

இன்னொரு காரணத்தைப் பற்றி வீடுகளில் பேசுவதே இல்லை. வகுப்பிலேயே உயரமான ஒரு பெண் பிள்ளை என்னிடம் வந்திருந்தாள். பரிசோதனை மேசையில் குப்புறப் படுக்கச் சொன்னால் முதுகு அழகாக நேராகிறது, மூட்டில் இறுக்கமே இல்லை. எழுந்து நின்றதும் தோள் இரண்டும் முன்னால் சுருண்டு, கை இரண்டும் நெஞ்சுக்குக் குறுக்கே வந்துவிடும். அம்மாவைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பேசினேன். மார்பு வளர்வது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, உயரத்தை வைத்துக் கூப்பிடும் பட்டப்பெயர் அதைவிடக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு எழுதிக் கொடுத்த பயிற்சியைவிட, சரியான அளவு உள்ளாடையும் அந்தப் பட்டப்பெயரை வீட்டிலாவது யாரும் சொல்லாமல் இருந்ததும்தான் அதிகம் உதவின. எல்லார் நடுவிலும் "கூன் போடாதே" என்று கத்துவது, ஒளிய நினைக்கும் பிள்ளையை இன்னும் ஒளியத்தான் வைக்கும்.

சரி, பயிற்சிக்குப் போகும் முன் இது எந்த வகை வளைவு என்று தெரிந்தாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருப்பது பழக்கத்தால் வந்த, வளைந்துகொடுக்கும் கூன். எலும்பின் வடிவம் சரியாகவே இருக்கும். இரண்டாவது வகைக்கு ஷாயர்மான் நோய் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் ஷாயர்மான் 1920இல் இதை விவரித்தார். இதில் முள்ளெலும்புகளே முன்பக்கம் உயரம் குறைந்து ஆப்பு வடிவமாக வளர்கின்றன. அடுத்தடுத்த மூன்று முள்ளெலும்புகள் ஒவ்வொன்றும் 5 டிகிரியோ அதற்கு மேலோ சாய்ந்திருந்தால் அந்த நோய் என்று முடிவு செய்வது 1964 முதல் இருந்துவரும் அளவுகோல்.

வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். வளைந்துகொடுக்கும் கூன் என்றால் மேல்முதுகு அங்கேயே தட்டையாகிவிடும். அடுத்து, நின்றபடி முன்னால் குனியச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முதுகு சீரான வளைவாக இறங்கினால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக முட்டிக்கொண்டு நின்றால், அதுவும் படுத்தாலும் மறையாமல் இருந்தால், எலும்பு மருத்துவரைப் பார்த்து எக்ஸ்ரே எடுப்பது அவசியம். அப்படியே பின்னால் நின்றும் ஒருமுறை பாருங்கள். குனியும்போது விலாவின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட உயர்ந்து தெரிந்தால் அது பக்கவாட்டு வளைவாக இருக்கலாம், அதையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, காய்ச்சல், எடைக் குறைவு, காலில் மரத்துப்போதல் அல்லது பலவீனம், சிறுநீர் கழிப்பதில் மாற்றம், வேகமாகக் கூடும் வளைவு ஆகியவை இருந்தால் பயிற்சி எல்லாம் அப்புறம், முதலில் மருத்துவர். ஷாயர்மான் என்று தெரிந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. வளர்ச்சி மீதமிருக்கும் வயதில், முதுகைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் என்ற சாதனத்தைப் போடும் வாய்ப்பு இருக்கிறது. அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவது சுமார் 75 டிகிரியைத் தாண்டிய, வலியோ வளைவோ கூடிக்கொண்டே போகும் சிலருக்குத்தான்.

இனி எழுதப்போவது வளைந்துகொடுக்கும் வகையைப் பற்றி.

இளக்குவதற்கு நான் முதலில் கொடுப்பது ஒரு துண்டு. தடித்த குளியல் துண்டை இறுக்கமாகச் சுருட்டி, தரையில் குறுக்காக வைத்து, தோள்பட்டை எலும்புகளின் கீழ்நுனி மட்டத்தில் வருமாறு அதன்மேல் மல்லாக்கப் படுக்க வேண்டும். முழங்கால் மடங்கி, பாதம் தரையில் இருக்கட்டும். இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு, மூச்சை விடும்போது மேல்முதுகைத் துண்டின்மேல் மெல்லப் பின்னால் சாய்க்க வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. அடிவிலா எலும்புகள் கூரையை நோக்கித் துருத்திக்கொண்டு வந்தால் வளைவது கீழ்முதுகு என்று அர்த்தம். வயிற்றை லேசாக இறுக்கி விலாவைக் கீழே வைத்துக்கொண்டால் சாய்வின் அளவு பாதியாகக் குறையும். மீதமிருக்கும் அந்தப் பாதிதான் நமக்கு வேண்டியது. அங்கே இரண்டு மூன்று நல்ல மூச்சு எடுத்துவிட்டு, துண்டை இரண்டு விரல் அகலம் மேலே நகர்த்தி மறுபடி செய்யலாம். கழுத்துக்கும் இடுப்புக்கும் துண்டு போகக் கூடாது.

இதோடு, நான்கு கால் போல் கையையும் முழங்காலையும் ஊன்றி நின்று, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, முழங்கையைக் கூரையை நோக்கித் திருப்பும் பயிற்சியும் சேரும். கண் முழங்கையைத் தொடர்ந்து போகட்டும். மேல்முதுகு நன்றாகத் திரும்பத் தொடங்கினால் நிமிர்வதும் எளிதாகும் என்பது என் அனுபவம். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குதிகால்மேல் உட்கார்ந்தபடி செய்தால் கீழ்முதுகு கலந்துகொள்ள இடம் குறைவு.

நெஞ்சின் முன்பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. பெக்டோராலிஸ் மைனர் என்று ஒரு சிறு தசை, 3 முதல் 5 வரையிலான விலா எலும்புகளிலிருந்து கிளம்பித் தோள்பட்டை எலும்பின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் போய்ச் சேர்கிறது. அது குறுகினால் தோள்பட்டை முன்னால் கவிழும். வாசல் நிலையில் முன்கையை ஊன்றி, முழங்கையைத் தோளைவிடச் சற்று உயரத்தில் வைத்து, ஒரு காலை முன்னால் எடுத்துவைத்து, நெஞ்சில் இழுவை தெரியும் வரை சாய வேண்டும். 30 விநாடி போதும். தோள் மூட்டின் முன்பக்கம் வலித்தாலோ கை மரத்தாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள். மூட்டுகள் ஏற்கெனவே அளவுக்கு மீறி வளையும் பிள்ளைகளுக்கு இந்த நீட்டலை நான் கொடுப்பதே இல்லை, நேராகப் பலப்படுத்தப் போய்விடுவேன்.

பலப்படுத்துவதுதான் நீண்ட வேலை. முன்பக்கத் தசைகள் இறுகுவதும் அவற்றுக்கு எதிரே இருப்பவை பலம் குறைவதும் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்ந்து வருகின்றன என்று செக் நாட்டு மருத்துவர் விளாதிமிர் யாண்டா விளக்கினார். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை என்றாலும், எங்கே தேட வேண்டும் என்று அது வழிகாட்டுகிறது. கழுத்திலிருந்து நடுமுதுகு வரை பரவியிருக்கும் டிரபீசியஸ் தசையின் நடு, கீழ்ப் பகுதிகள், தோள்பட்டை எலும்பை முதுகெலும்போடு இணைக்கும் ராம்பாய்டு, தோள்பட்டை எலும்பை விலாவோடு ஒட்டிப் பிடிக்கும் செராட்டஸ், முதுகெலும்பை ஒட்டி நீளும் நிமிர்த்தும் தசைகள், இவைதான் இங்கே முக்கியம்.

குப்புறப் படுத்து, நெற்றியை மடித்த துண்டின்மேல் வைத்து, கட்டை விரல் கூரையைப் பார்க்கும்படி கைகளை நீட்டித் தரையிலிருந்து தூக்குவதுதான் ஆரம்பம். முதலில் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில். அது சுலபமானதும் தலைக்கு மேலே சாய்வாக, ஆங்கில ஒய் எழுத்தைப் போல. கை நான்கு விரல் உயரம் எழும்பினால் போதும். ஐந்து விநாடி நிறுத்தி இறக்கினால் எட்டாவது தடவைக்குள் கை நடுங்கத் தொடங்கும். எடை எதுவுமில்லாமல் வெறும் கையைத் தூக்கவே இவ்வளவு கஷ்டமா என்று பிள்ளைகளே ஆச்சரியப்படுவார்கள். அந்த ஆச்சரியம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் "நான் சோம்பேறி இல்லை, இந்தத் தசைக்குத்தான் பலமில்லை" என்பதை அவர்களே அப்போது கண்டுகொள்கிறார்கள். தோள் காதை நோக்கி ஏறினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். டிரபீசியஸின் மேல்பகுதி வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்தது சுவர்ப் பயிற்சி. இணையத்தில் இதைச் செய்யாதவர் இல்லை, சரியாகச் செய்பவர் குறைவு. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசும் ஒரு பையன் வந்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, இரு கைகளையும் சுவரோடு ஒட்டி மேலும் கீழும் ஏற்றி இறக்கினான். விரல் நுனி வரை சுவரைத் தொடுகிறது. வீடியோவில் பார்த்தால் நூற்றுக்கு நூறு. "சுவருக்கும் உன் கீழ்முதுகுக்கும் நடுவில் கையை விடு தம்பி" என்றேன். முழுக் கையும் முழங்கை வரை உள்ளே போனது. கையைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் அடிவிலா முன்னால் துருத்தியது, மேல்முதுகு இம்மி அசையவில்லை. பாதத்தைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, கீழ்முதுகுக்குப் பின்னால் உள்ளங்கை மட்டுமே நுழையும் அளவு இடைவெளி விட்டுச் செய்யச் சொன்னேன். கை காது மட்டத்தைத் தாண்டவில்லை, மணிக்கட்டு சுவரை விட்டு விலகி நின்றது. முகம் வாடிவிட்டது அவனுக்கு. ஆனால் அன்றுதான் முதன்முறையாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே வலிக்கிறது என்றான். அந்த உழைப்பு வலி சரியான இடத்தில் வந்திருந்தது. இப்படி விலாவைக் காவல் காத்துக்கொண்டு குறைவாகச் செய்வது, வளைந்து நெளிந்து நிறையச் செய்வதைவிட எத்தனையோ மடங்கு மேல்.

இதன்பிறகு பயிற்சியில் பளு கூட வேண்டும். ரப்பர் பேண்டைக் கதவில் மாட்டி, முழங்கையை உடம்பை ஒட்டிப் பின்னால் இழுப்பது, முகத்தை நோக்கி இழுப்பது இரண்டும் நல்லவை. புஷ்-அப் நிலையில் கை நேராக இருக்க, தரையை இன்னும் கொஞ்சம் தள்ளி மேல்முதுகை உயர்த்துவது செராட்டஸுக்கு. பதினாறு வயதில் ஜிம்முக்குப் போகும் பையன்கள் நெஞ்சுக்கும் புஜத்துக்கும் மட்டும் எடை தூக்கிவிட்டு வருவதைப் பார்க்கிறேன். கண்ணாடியில் தெரிவது அவைதானே. அவர்களுக்கு நான் சொல்லும் விதி எளிது: ஒரு தடவை தள்ளினால் இரண்டு தடவை இழுங்கள்.

கழுத்துக்கு ஒரே பயிற்சி போதும். மல்லாக்கப் படுத்து, தலையைத் தூக்காமல், மோவாயை மெல்ல உள்ளே இழுத்துப் பின்னந்தலை தரையில் நீள்வதுபோல் வைத்துக்கொள்வது. ஐந்து விநாடி, பத்து தடவை. இதை உட்கார்ந்து வேகமாக வெட்டி வெட்டிச் செய்தால் பலன் இல்லை.

எத்தனை நாள் என்று கேட்பார்கள். இளக்கும் பயிற்சிகளைத் தினமும் பத்து நிமிடம் செய்யலாம். பலப்படுத்துவது வாரம் மூன்று நாள், நடுவில் ஓய்வு. போர்ச்சுகலில் 15 முதல் 17 வயது வரையிலான மாணவர்களுக்கு, உடற்கல்வி வகுப்பிலேயே 16 வாரம் பலப்படுத்தும் பயிற்சியும் நீட்டும் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்தள்ளிய தலையும் தோளும் அளக்கக்கூடிய அளவு திருந்தின. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது, தனி நேரம், தனி அறை எதுவும் தேவைப்படாமல் இருக்கிற வகுப்புக்குள்ளேயே அதைச் செய்தார்கள் என்பது. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் பள்ளிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிட உடலுழைப்பும், அதில் வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் வேலையும் வேண்டும் என்கிறது. நீச்சல், மரம் ஏறுவது, கம்பியில் தொங்குவது எல்லாமே இந்தக் கணக்கில் சேரும். பிள்ளை விரும்பிச் செய்யும் விளையாட்டு ஒன்று இருந்தால், நான் கொடுக்கும் பயிற்சித் தாளை அதற்கேற்ப மாற்றிவிடுவேன்.

தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் வார்ப்பட்டைகளை நான் பரிந்துரைப்பதில்லை. கட்டியிருக்கும்வரை தோள் பின்னால் நிற்கும். அந்த வேலையைச் செய்வது பட்டை, தசை சும்மா இருக்கும். மருத்துவர் எக்ஸ்ரே பார்த்து எழுதிக் கொடுக்கும் பிரேஸ் வேறு, இது வேறு.

பயமுறுத்தும் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ ஏறும் என்று ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது 2014இல் ஒரு கணினி மாதிரியில் போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் எடுத்த அளவு கிடையாது. அதைக் காட்டிப் பிள்ளையிடம் "உன் கழுத்து உடைஞ்சிடும்" என்று சொல்வது நியாயமே இல்லை. ஆஸ்திரேலியாவில் 17 வயதினர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், உட்காரும் தோரணைக்கும் கழுத்து வலிக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தென்படவில்லை. முதுகு சரிந்து தலை முன்தள்ளி உட்கார்ந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. எதனால் எது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நான் கூன் விழுந்த பிள்ளையிடம் தூக்கம் எப்படி, நண்பர்கள் இருக்கிறார்களா, பள்ளிக்குப் போகப் பிடிக்கிறதா என்று கேட்காமல் பயிற்சித் தாளை நீட்டுவதில்லை.

அப்படியானால் வலியே இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? மேல்முதுகு நன்றாக நிமிர்ந்தால் கை தலைக்கு மேலே தடையில்லாமல் போகும், பந்து வீசுவதும் நீந்துவதும் எளிதாகும், மூச்சு நன்றாக விரியும். பதினைந்து வயதில் உண்டாகும் பலமும் உடற்பயிற்சிப் பழக்கமும் பின்னால் நிறையவே கைகொடுக்கும். இவ்வளவு போதாதா?

வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். படிக்கும் மேசையில் புத்தகத்தையோ திரையையோ கண் மட்டத்துக்குப் பக்கமாக உயர்த்துங்கள், பாதம் தரையில் பதியும்படி நாற்காலியைச் சரிசெய்யுங்கள். அரை மணிக்கொரு தடவை எழுந்து நடக்கட்டும். ஒரே தோரணையில், அது எவ்வளவு நல்ல தோரணையாக இருந்தாலும், மணிக்கணக்கில் உட்கார்வது யாருக்கும் ஆகாது. நிமிரச் சொல்லித் திட்டுவதற்குப் பதிலாக, "வா, துண்டை எடுத்துட்டு வா, நானும் படுக்கிறேன்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். அப்பாவின் முதுகும் பெரும்பாலும் அதே நிலைமையில்தான் இருக்கும்.

முன்னேற்றத்தை அளக்கக் கண்ணாடியை நம்ப வேண்டாம். குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரைத் தொட நிற்க வைத்து, பார்வை நேராக இருக்க, பின்னந்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து, தேதியோடு பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை போதும், தினமும் அளந்தால் மனம் சலித்துவிடும். முதல் மாதத்தில் எண் பெரும்பாலும் நகராது. தொடர்ந்து செய்தால் மூன்றாவது, நான்காவது மாதத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும். ஒழுங்காகச் செய்தும் நான்கு மாதம் வரை நகரவில்லை என்றால், பயிற்சியைக் கூட்டாமல், குப்புறப் படுக்க வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையை மறுபடி செய்துவிட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.